கதவில் நாற்பத்தெட்டு கோடு

என் மகள் அமலா ரெண்டு கையையும் விரித்துக் காட்டினாள். உள்ளங்கை சிவந்து கிடந்தது. விரல் நுனியில் தோல் வெங்காயச் சருகு மாதிரி உரிந்து நின்றது. நடுவிரலில் சின்னதாய் ஒரு கொப்புளம்.

"எரியுதுப்பா. சோறு பிசைய முடியல."

நான் அப்போதுதான் பெங்களூர் வண்டியில் இருந்து இறங்கி வந்திருந்தேன். தினமும் போய்வருகிற கட்டட வேலை. நாள் முழுக்க சிமெண்டு சட்டி தூக்குகிற கை என்னுடையது. என் கை உரிந்தால் அதற்கு ஒரு காரணம் உண்டு. ஏழு வயசுப் பிள்ளையின் கை எதற்கு உரியணும்?

"மொளகா கிள்ளினாளா?" என்று என் மனைவி நளினியைக் கேட்டேன்.

"மொளகா கிள்ளுறவ மூஞ்சியப் பாரு. நாலு நாளா இப்டித்தான் கெடக்குது. தேங்கா எண்ண தடவினேன், கேக்கல. நாளைக்கி பேட்டைக்கு இட்டுனு போறேன்."

மறுநாள் ராபர்ட்சன்பேட்டையில் ஒரு லேடி டாக்டரிடம் காட்டினாள். டாக்டர் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, பிள்ளை எதை வைத்து விளையாடுகிறாள் என்றுதான் முதலில் கேட்டாராம். நளினி ஸ்லைம் என்று சொல்லியிருக்கிறாள். இப்போது எல்லாப் பிள்ளைகளும் அதற்குத்தான் அழுகின்றன. இழுத்தால் ரப்பர் மாதிரி நீளும், விட்டால் கூழ் மாதிரி படியும், விரல் விட்டால் பொளக் என்று சத்தம் போடும். செல்போனில் பார்த்துப் பார்த்து, அது இல்லாமல் தூக்கம் இல்லை என்று ஆகிவிட்டது.

கடையில் வாங்கினதா என்று டாக்டர் கேட்டிருக்கிறார். இல்லை, எங்கள் லைன் வீடுகளிலேயே ஒரு அக்கா செய்தது. எதைப் போட்டுச் செய்தார்கள்? அது நளினிக்குத் தெரியும். லவினாக்கா எதையும் மறைத்துச் செய்கிற ஆள் இல்லை. வெள்ளைப் பசை, கலர், ஜிகினா, ரோஸ் எசன்ஸ், அதெல்லாம் கட்டிப்பட வெங்காரத் தண்ணி.

"வெங்காரம், போராக்ஸ்னு சொல்றது, அதுதான் வேலையக் காட்டியிருக்கு" என்றாராம் டாக்டர். "அளவு கூடினா தோல வேக வெச்சிடும். கை ஆறிடும், பயப்படாதீங்க. ஆனா சின்னக் கொழந்தை வாயில போட்டு முழுங்கினா வாந்தி பேதியில ஆரம்பிச்சு எங்கெங்கியோ போய் நிக்கும். கடைச் சரக்கும் அப்டித்தான். உள்ள என்ன இருக்குன்னு சீட்டு ஒட்டாத டப்பாவ வாங்கவே வாங்காதீங்க."

வெளியூர்க்காரர்களுக்கு இதில் ஒன்றும் அதிசயம் இருக்காது. எங்கள் ஊரில் வெங்காரத்தைப் போய் கெட்டது என்று சொன்னால் சிரிப்பார்கள். தங்கச் சுரங்கம் ஓடின காலத்தில் பொன் உருக்குகிற கொட்டகையில், பொன்னில் இருந்து அழுக்கைப் பிரிக்க வெங்காரத்தைத்தான் போடுவார்கள். அங்கிருந்து அது சுரங்கத் தொழிலாளிகளின் லைன் வீடுகளுக்கு வந்து சேர்ந்தது. துணி வெளுக்க வெங்காரம். கரப்பான் விரட்ட வெங்காரம். கைக்குழந்தைக்கு நாக்கில் புண் வந்தால் தேனில் குழைத்துத் தடவவும் அதே வெங்காரம். எங்களுக்கு விஷம் என்றால் ஒன்றே ஒன்றுதான், சயனைடு. பொன் பிரித்த பிறகு கொட்டின அந்த சயனைடு மண் மேட்டிலேயே அட்டைப்பெட்டி மேல் உட்கார்ந்து சறுக்கி விளையாடி வளர்ந்தவர்கள் நாங்கள். மற்றதெல்லாம் எங்கள் கண்ணுக்கு உப்பு, சோடா மாதிரி.

லவினாக்கா வீடு ஊரிகம் லைனில் எங்கள் வீட்டுக்கு நாலு கதவு தள்ளி. டெய்லர். கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. அப்பா சௌந்தரராஜனைப் பார்த்துக்கொண்டு இருக்கிறார். அப்பா அந்தப் பொன் உருக்குகிற கொட்டகையில் வேலை செய்தவர். சுரங்கம் மூடினபோது கேட்பாரில்லாமல் கிடந்த வெங்காரத்தில் ரெண்டு டின் அவர் வீட்டுப் பரணுக்கு வந்தது. இருபது வருஷத்துக்கு மேல் ஆகியும் அப்படியே வெள்ளையாக இருந்தது.

சர்ச்சில் அறுப்புப் பண்டிகைக்கு ஆளுக்கு ஒரு கடை போடுவார்கள். ஒருத்தர் கேக், ஒருத்தர் ஊறுகாய், ஒருத்தர் பிரியாணி. இந்த வருஷம் லவினாக்கா ஐஸ்கிரீம் கப்பில் ஸ்லைம் போட்டு வைத்தார். நாலு டஜன் கப்பு. பிள்ளைகள் மொய்த்துவிட்டார்கள். பாட்டு முடிந்து பாஸ்டர் வெளியே வருவதற்குள் மேஜை காலி. சௌந்தரராஜன் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே, "மூக்கச் சிந்தினா வர்றது. அதுக்குக் கலர் போட்டு வாங்கினு போவுதுங்க பாரு" என்றார். எல்லாரும் சிரித்தோம். நானும் சாமி கும்பிடப் போகாவிட்டாலும் பண்டிகைக் கடைக்குப் போகிறவன். அமலாவுக்கு வாங்கிக் கொடுத்தேன்.

இப்போது இதை லவினாக்காவிடம் போய்ச் சொல்ல வேண்டும். எனக்கு மனசே இல்லை. நளினி பிரசவத்துக்கு ஆஸ்பத்திரியில் கிடந்தபோது எட்டு நாள் சோறு கொண்டுவந்து கொடுத்த மனுஷி அவர். அவரிடம் போய் உன் கைச்சரக்கு என் பிள்ளை கையைச் சுட்டுவிட்டது என்று எப்படிச் சொல்வது?

"நீ போறியா, நா போவட்டா?" என்றாள் நளினி.

நானே போனேன். அமலாவையும் கூட்டிக்கொண்டு போனேன். லவினாக்கா மிஷினில் உட்கார்ந்து பாவாடைக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தார். டாக்டர் சொன்னதை அப்படியே சொன்னேன். சொல்லி முடிக்கிறதுக்குள் உள்ளே கட்டிலில் இருந்து சௌந்தரராஜன் குரல் வந்தது.

"வெங்காரமா? இன்னாய்யா பேசுற? பொன்னையே சுத்தம் பண்றது அது. இவ பொறந்தப்போ இவ நாக்குலயே தடவியிருக்கேன். நாப்பத்தாறு வருஷமா நாக்கு நல்லாத்தான் வேலை செய்யுது, அக்கம்பக்கத்துல கேட்டுப் பாரு."

லவினாக்கா சிரிக்கவில்லை. அமலாவின் கையைத் தன் மடியில் வைத்துப் பார்த்தார். அப்புறம் தன் கையைத் திருப்பி அதன் பக்கத்தில் வைத்தார். அவர் விரல் நுனியும் வெடித்திருந்தது. கட்டைவிரல் ஓரத்தில் தோல் பிளந்து சிவப்பாய்த் தெரிந்தது.

"சோப்பு ஒத்துக்கலன்னு நெனச்சினு இருந்தேன்" என்றார். "பத்து நாளா ஊசி கோக்கும்போதெல்லாம் எரியுது. கையாலயே கலக்கினேன் எல்லாத்தையும்."

"அளவு பாத்துத்தானேக்கா போட்டீங்க?"

"மொத மூணு டஜனுக்குப் பாத்துப் போட்டேன். கடைசி டஜன் போட்டப்போ மழை. ஈரத்துல தண்ணியாவே நின்னுது, கட்டல. எடுத்து ஒரு கைப்பிடி, அப்புறம் இன்னொரு கைப்பிடி அள்ளிப் போட்டேன்." அமலாவின் விரல்களை மெதுவாக மடித்து வைத்தார். "எது அந்தக் கடைசி டஜன்னு எனக்கே தெரியாது, முனி. எல்லாத்தையும் ஒண்ணாத்தான் அடுக்கினேன்."

நான் ஒரு சமாதானம் எதிர்பார்த்தேன். யார் வீட்டிலும் இந்த மாதிரி ஆனால் வேறு ஒரு பொருள் மேல் பழி போடுவார்கள், இல்லை பிள்ளை மேல் போடுவார்கள். கை கழுவாமல் விளையாடியிருக்கும் என்பார்கள். இவர் எழுந்து போய் அலமாரியில் இருந்து சாக்பீஸ் எடுத்துவந்தார். துணியில் கோடு போடுகிற தட்டையான சாக்பீஸ். வாசல் கதவைச் சாத்தி, வெளிப்பக்கம் நின்று, பச்சைப் பெயிண்ட் மேல் கோடு போட ஆரம்பித்தார். ஒவ்வொன்றாக நாற்பத்தெட்டு கோடு.

"எங்க வீட்ல இருக்கிற கப்ப நா எட்துனு வந்து குடுத்துட்டா?" என்றேன்.

"ஒண்ணு அழிப்பேன்."

நான் எடுத்து வந்து கொடுத்தேன். விரலால் ஒரு கோட்டை அழித்தார்.

எங்கள் ஊரில் யாருக்கும் இதை விளக்க வேண்டாம். சுரங்கக் குழியான ஷாஃப்டில் இறங்கும் ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு பித்தளைப் பில்லை இருந்தது. மேலே வந்ததும் அதைப் பலகையில் மாட்டணும். ஒரு கொக்கி வெறுமையாக இருந்தால் கீழே ஒரு ஆள் இருக்கிறான் என்று அர்த்தம். அவன் வருகிற வரை அந்த ஷிப்டு முடிந்ததாக ஆகாது. அவனைக் கண்டுபிடிக்காமல் டைம் ஆபீஸை மூடமாட்டார்கள். அந்தக் கணக்கைத்தான் லவினாக்கா தன் கதவில் எழுதி வைத்தார். அதுவும் உள்பக்கம் எழுதவில்லை. ரோட்டில் போகிற வருகிற எல்லாரும் பார்க்கிற மாதிரி வெளிப்பக்கம். மேலே ஒரு காகிதமும் ஒட்டினார். நாற்பது வயசுக்கு மேல் எழுத்து கூட்டிப் படிக்கப் பழகின எனக்கே தடுக்காத மாதிரி பெரிய பெரிய எழுத்து. 'நான் செய்த ஸ்லைம் குழந்தைகளுக்கு ஆகாது. அளவு தவறிப் போட்டுவிட்டேன். தயவுசெய்து திருப்பிக் கொடுங்கள். வாயில் வைத்த குழந்தை இருந்தால் உடனே டாக்டரிடம் காட்டுங்கள், என்னையும் கூப்பிடுங்கள். லவினா, டெய்லர்.' கீழே போன் நம்பர்.

சௌந்தரராஜன் மூணு நாள் மகளோடு பேசவில்லை. "ஊர் முழுக்க என் வெங்காரத்துக்குக் கெட்ட பேரு" என்று எங்களிடம் புலம்பினார்.

லவினாக்கா மிஷினை மூடிவிட்டுக் கிளம்பினார். தினமும் சாயங்காலம் நான் ஸ்டேஷனில் இருந்து வரும்போது அந்தக் கதவைப் பார்ப்பேன். முப்பத்தொன்பது. முப்பத்து மூணு. இருபது. லைனில் சில பெண்கள் தாங்களே கொண்டுவந்து கொடுத்தார்கள். சிலர் வீட்டுக்கு மூணு தடவை நடக்க வேண்டியிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் கூடப் போனேன். நந்திதுர்க் பக்கம் ஒரு வீட்டில் ஒரு ஆள் வாசலிலேயே நிற்க வைத்து நல்லாக் கேட்டான்.

"கெட்டுப்போன சரக்க சர்ச்சுல வெச்சி வித்துட்டு, இப்ப வீடு வீடா வந்து நல்லவ வேஷமா?"

எனக்குச் சுருக்கென்றது. ஒரு வார்த்தை சொல்ல வாயைத் திறந்தேன். லவினாக்கா என் கையைத் தட்டினார்.

"ஆமாங்க. கெட்டுப்போன சரக்குதான். அத்தத்தான் வாங்கினு போக வந்தேன். ரெண்டு கப்பு உங்க வீட்டுக்கு வந்துதுன்னு பாப்பா சொன்னா. குடுத்துடுங்க."

அவன் உள்ளே போய் ரெண்டையும் கொண்டுவந்து கொடுத்தான். ஒன்று பாதி காலி.

"மிச்சம் எங்க?"

"சோபாவுல ஒட்டிச்சி. சொரண்டி எறிஞ்சிட்டோம்."

"எந்த எடத்துல? கொழந்த அங்க தவழுமா?"

லவினாக்கா உள்ளே போய், ஈரத்துணி வாங்கி, அந்த சோபாவைத் தன் கையால் துடைத்துவிட்டுத்தான் வந்தார். அந்த ஆளின் மனைவி எங்களுக்கு டீ போட்டுக் கொடுத்தாள். அவனும் எங்களோடு உட்கார்ந்து டீ குடித்தான்.

எங்கள் ஊரிலேயே மைசூர் மைன்ஸ் பக்கம் ஒரு சின்னப் பெண் கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டது. கொடுக்க மாட்டேன் என்று அழுகை. லவினாக்கா தரையில் படுத்து, கட்டிலுக்கு அடியில் கையை நீட்டினார்.

"கப்ப கேக்கல. என் கையப் பாரு. எப்டி இருக்குது?"

"அசிங்கமா கீது."

"உன் கையும் இப்டி ஆவட்டுமா?"

கட்டிலுக்கு அடியில் இருந்து கப்பு உருண்டு வந்தது. அதுக்குப் பதிலாக ஒரு அச்சு முறுக்கு உள்ளே போனது. எந்தப் பிள்ளையிடமும் வெறுங்கையோடு போகமாட்டார். ராத்திரி தைக்கிறதை விட்டு அச்சு முறுக்கு சுட்டார் அந்தப் பத்து நாளும்.

திரும்பி வரும்போது கேட்டேன், "கால் வலிக்கலயாக்கா?"

"வலிக்காம? உனக்கு மட்டுந்தான் காலா?" என்றார். அதோடு சரி.

இதையெல்லாம் பார்த்துக்கொண்டு இருந்த எனக்குள் ஒரு விஷயம் கிடந்து அரித்தது. பண்டிகையில் நான் வாங்கினது ஒரு கப்பு இல்லை. ரெண்டு.

நான் வேலை பார்த்த ஒயிட்ஃபீல்டு சைட்டில் ஷரணம்மா என்று ஒரு பெண். யாத்கீர் பக்கத்தில் இருந்து வந்தவள். புருஷன் கம்பி கட்டுகிறவன். தகரக் கொட்டகையில் குடும்பம். மத்தியானம் நாங்கள் சாப்பிட உட்கார்ந்தால் ஒரு சொம்பு மோர் கொண்டுவந்து வைப்பாள், கேட்காமலே. அவளுக்கு ஒன்றரை வயசில் ஒரு பெண் குழந்தை. மணல் மேட்டில் அது தனியாகவே விளையாடும். பண்டிகைக்கு மறுநாள் இன்னொரு கப்பைக் கொண்டுபோய் அவளிடம் கொடுத்தேன். "பாப்பாவுக்கு" என்று சொன்னேன். அதற்குள் மேஸ்திரி கூப்பிட்டார். ஓடிவிட்டேன். ரெண்டு நாளில் மேஸ்திரி என்னை ஓசகோட்டை பக்கம் ஒரு குடோன் வேலைக்கு மாற்றிவிட்டார். அப்புறம் ஒயிட்ஃபீல்டு பக்கமே போகவில்லை.

முதலில் எனக்கு மறந்துபோனது. அது நிஜம். ஞாபகம் வந்தப்புறமும் நான் வாயைத் திறக்கவில்லை, அதுவும் நிஜம். அங்கே போனால் ஒரு நாள் வேலை போகும். அவர்கள் இந்நேரம் வேறு சைட்டுக்குப் போயிருப்பார்கள். எத்தனையோ கப்பில் ஒன்று, அதுவும் நல்ல அளவில் கலந்த கப்பாகத்தான் இருக்கும். ராத்திரி உடம்பு வலியில் படுத்தால் இந்தச் சமாதானம் எல்லாம் நல்லாத்தான் தோன்றும். காலையில் அந்தக் கதவைத் தாண்டி ஸ்டேஷனுக்கு நடக்கும்போது தோன்றாது.

பத்தாவது நாள் வியாழக்கிழமை. கதவில் ஒரே ஒரு கோடு. லவினாக்கா படியில் உட்கார்ந்திருந்தார். முன்னாடி தட்டில் சோறு ஆறிக் கிடந்தது.

"சாப்டு மொதல்ல" என்று உள்ளே இருந்து சௌந்தரராஜன் சொன்னார். மகளோடு பேச ஆரம்பித்திருந்தார். "ஒண்ணு தானே. எதுனா குப்பைக்குப் போயிருக்கும்."

"ஒரு ஆளு மேல வரலன்னா, குப்பைக்குப் போயிருப்பான்னு எழுதிட்டு வீட்டுக்கு வந்துடுவீங்களாப்பா?"

 நான் பையைத் தோளில் இருந்து இறக்கினேன்.

"அக்கா, அது எங்கிட்ட இருக்குது" என்றேன். "எங்கிட்டன்னா... நா குடுத்த எடத்துல இருக்குது."

எல்லாவற்றையும் சொன்னேன். மறந்தது மட்டும் சொல்லி நிறுத்தியிருக்கலாம். ஞாபகம் வந்தும் ஒரு வாரம் சும்மா இருந்ததையும் சொன்னேன். என்னைத் திட்டுவார் என்று நின்றேன். திட்டினால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

"கொழந்தைக்கு எத்தினி வயசு?"

"ஒண்ணரை."

அவர் கண்ணை மூடித் திறந்தார். "போன் நம்பர் இருக்குதா?"

இல்லை. மேஸ்திரிக்குப் போட்டேன். எடுத்தார். "இன்னாய்யா ஒரு பொம்மைக்கு இந்நேரத்துல? நாளைக்கிப் பாக்கலாம் போ" என்று வைத்துவிட்டார். மறுபடி போட்டால் சுவிட்ச் ஆஃப்.

"காலையில மொத வண்டி எத்தினி மணிக்கு?" என்றார் லவினாக்கா.

"நீங்க எதுக்குக்கா? நானே போயி வாங்கினு வந்துடறேன்."

"நீ வாங்கினு வருவே. அந்தக் கொழந்த அத்த தின்னுச்சா இல்லையான்னு கேட்டு, பாத்து, ஆஸ்பத்திரிக்குத் தூக்கணும்னா தூக்கிட்டு வருவியா? செஞ்சவ நான். எத்தினி மணிக்கு?"

விடியற்காலை வண்டியில் எப்போதும் போல் நெருக்கடி. எங்கள் பெட்டியில் எல்லாரும் பழகின முகம்தான். எல்வின் என்று ஒரு பெயிண்டர், ஜன்னல் சீட்டை விடாதவன், என்னைப் பார்த்துச் சத்தம் போட்டான்.

"இன்னா முனி, லவினாக்காவையும் வேலைக்கி இட்டுனு போறியா? சட்டி தூக்குவாங்களா?"

"உன்னவிட நல்லாத் தூக்குவேன். மொதல்ல எழுந்து எடத்த விடு" என்றார் லவினாக்கா.

பெட்டியே சிரித்தது. எல்வின் எழுந்துவிட்டான். அவர் உட்கார்ந்து ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பங்காரப்பேட்டை தாண்டி வெளிச்சம் வந்தது. அப்புறம் எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார்.

"ரோஸ் எசன்ஸ எதுக்குப் போட்டேன், முனி? பசை நாத்தம் அடிச்சிது, அத்த மறைக்கத்தான். வாசனை வந்தா கொழந்த வாயில வெக்கும்னு ஒரு நிமிசம் தோணல பாரு. பாயசத்துல போடுற எசன்ஸு அது."

 

ஒயிட்ஃபீல்டில் இறங்கி சைட்டுக்கு வேகமாக நடந்தோம். அவர் எனக்கு முன்னால் போனார், வழி தெரியாமலே. கேட்டைத் தாண்டினதும் பார்த்தேன். தகரக் கொட்டகைகள் இருந்தன. எனக்கு மூச்சு வந்தது. ஷரணம்மா வாசலில் அடுப்பு மூட்டி, சோள மாவில் ஜோள ரொட்டி தட்டிக்கொண்டிருந்தாள். குழந்தையைக் காணோம்.

"பாப்பா எங்க?" என்று நான் கன்னடத்தில் கேட்டேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"உள்ள தூங்குது. ஏன்ணா, என்ன ஆச்சு?"

லவினாக்கா அவள் முன்னால் தரையில் உட்கார்ந்தார். அவர் கன்னடம் என்னுடையதைவிட நல்ல கன்னடம். தான் யார், எங்கே இருந்து வருகிறோம் என்று சொல்லிவிட்டு, அந்தக் கப்பைக் கேட்டார். ஷரணம்மா ஒரு நிமிஷம் புரியாமல் பார்த்தாள். அப்புறம் முகம் மலர்ந்தது. உள்ளே போய் ஒரு தகரப் பெட்டியைத் திறந்து, துணிகளுக்கு நடுவில் பத்திரமாக வைத்திருந்த கப்பை எடுத்துவந்தாள்.

"தீபாவளிக்கு வெச்சிருக்கேன்" என்றாள். "அடுத்த வாரம் தானே. பட்டணத்து மிட்டாய், பண்டிகை அன்னைக்குத்தான் பாப்பாவுக்கு ஊட்டணும்னு எடுத்து வெச்சேன். அண்ணன் குடுத்தது."

 பக்கத்தில் இருந்த செங்கல் அடுக்கைப் பிடித்துக்கொண்டேன். 'பாப்பாவுக்கு' என்று மட்டும் சொல்லிவிட்டு ஓடினவன் நான். ஐஸ்கிரீம் கப்பு, சிவப்புக் கலர், ரோஸ் வாசனை. அவள் வேறு என்னவென்று நினைப்பாள்?

"குடுத்தியாம்மா? ஒரு வாயாவது?" என்று லவினாக்கா கேட்டார்.

"இல்ல. நான் மட்டும் விரல்ல தொட்டு நக்கிப் பாத்தேன். சவக்காரம் மாதிரி இருந்துச்சு. ஊசிப்போச்சோன்னு நெனச்சேன். தூக்கிப்போட மனசு வரல, அண்ணன் ஆசையா குடுத்தாரேன்னு."

லவினாக்கா மூடியைத் திறந்து பார்த்தார். ஓரத்தில் ஒரு விரல் அளவுதான் குழிந்திருந்தது. மூடி, பிளாஸ்டிக் பையில் வைத்து முடிச்சுப் போட்டார். அப்புறம் ஷரணம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

"இது தின்ற பொருள் இல்லம்மா. விளையாடுறது. விளையாடவும் ஆகாது. நான் தப்பா செஞ்சிட்டேன். அண்ணன் மேல தப்பு இல்ல. செஞ்சது நான்."

என் மேல் தப்பு இருந்தது. அதை அங்கேயே ஷரணம்மாவிடம் நான் சொன்னேன்.

அவளுக்குக் கோபம் வந்ததா என்று தெரியவில்லை. ரொம்ப நேரம் லவினாக்காவின் வெடித்த விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இந்த ஒரு டப்பாவுக்கா இவ்ளோ தூரம் வந்தீங்க?" என்று கேட்டாள். "நாங்க யாருன்னே உங்களுக்குத் தெரியாதே."

"அதனாலதான் வந்தேன். உனக்கும் நான் யாருன்னு தெரியாதே. பாப்பாவுக்கு ஏதாவது ஆனா நீ யாரப் போய்க் கேப்ப?"

இந்தப் பேச்சில் குழந்தை எழுந்து தட்டுத் தடுமாறி வெளியே வந்துவிட்டது. லவினாக்கா அதைத் தூக்கி மடியில் வைத்து, வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார், கையைப் பார்த்தார், வயிற்றைத் தொட்டுப் பார்த்தார். குழந்தையின் கண் பையில் தெரிந்த சிவப்புக் கலர் மேல் போனது. வேண்டும் என்று கையை நீட்டியது. பையை நான் என் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனேன். வீறிட்டு ஒரு அழுகை. சைட்டே திரும்பிப் பார்த்தது. அச்சு முறுக்கு கொண்டுவரவில்லை. அவசரத்தில் முதல் தடவையாக மறந்திருந்தார்.

லவினாக்கா சுற்றிலும் பார்த்தார். அடுப்புப் பக்கத்தில் ஷரணம்மா கொதிக்கிற தண்ணீர் ஊற்றிப் பிசைந்து வைத்திருந்த ஜோள மாவு ஒரு பெரிய உருண்டையாக இருந்தது.

"கொஞ்சம் எடுத்துக்கட்டா?"

எலுமிச்சை அளவு கிள்ளி எடுத்தார். உருட்டினார், நீட்டினார், ஒரு முனையை மடித்து மூக்கு மாதிரி வைத்தார். நல்லா ஒட்டாது அந்த மாவு, வெடித்து வெடித்து வந்தது. நாலு காலில் ஒன்று விழுந்துவிட்டது. அது நாயா ஆடா என்று எனக்கு இன்று வரைக்கும் தெரியாது. குழந்தையின் அழுகை பாதியில் நின்றது. அதைக் கையில் வாங்கி, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தது.

எனக்கு மேஸ்திரி போன் வந்துகொண்டே இருந்தது. வேலைக்கு ஏற்றிப்போகிற ஓசகோட்டை டெம்போ கிளம்பிப் போய் வெகு நேரம் ஆகியிருக்கும். நான் எடுக்கவில்லை.

"வேற யாருக்காவது குடுத்தியா, முனி?" என்று லவினாக்கா தலையைத் திருப்பாமலே கேட்டார்.

"இல்லக்கா."

"நல்லா யோசிச்சு சொல்லு."

யோசித்தேன். நிஜமாகவே நின்று யோசித்தேன். ஒவ்வொரு நாளாக, ஒவ்வொரு ஆளாக. "இல்லக்கா. இதோட முடிஞ்சிது."

அப்போது அந்தக் குழந்தை, மாவில் செய்த அந்த நாயோ ஆடோ, அதன் தலையைக் கடித்து வாயில் வைத்துக்கொண்டது. நான் பதறிப்போய் எட்டினேன். லவினாக்கா என் கையைத் தட்டிவிட்டார்.

"விடு, முனி" என்றார். "தின்னட்டும்."